ஆங்கில மனுவில் ஒரு 'பீன்' விடுபட்டால்



சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன், மஃரிப் தொழுகை முடிந்து அறக்கட்டளை அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு தாய் வந்தார். அவரது கையில் இருந்த போனில், வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்க்கும் மகன் அங்குள்ள ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய மனுவும் அதற்கு வந்த பதிலும் இருந்தன. "பதில் வந்துட்டுதாம். ஆனா என்ன கேக்காங்கன்னு அவனுக்கும் விளங்கல்ல, எனக்கும் விளங்கல்ல" என்றார்.

பதிலைப் படித்தபோது எங்களுக்கும் முதலில் விளங்கவில்லை. 'தாங்கள் எந்தெந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்ற விவரத்தைத் தெரிவிக்கவும்' என்று கேட்டிருந்தார்கள். ஐந்து மாதமாகச் சம்பளம் கிடைக்காமல், கடையில் கடன் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையனிடம் கேட்கிற கேள்வியா இது என்று கோபம் வந்தது. பிறகு அவன் எழுதிய மனுவைப் பார்த்தோம். முதல் வரியே இப்படி இருந்தது: 'ஐ ஹேவ் நாட் பெய்ட் சாலரி ஃபார் ஃபைவ் மந்த்ஸ்.'

எனக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் தரவில்லை என்றுதான் அவன் சொல்ல நினைத்தான். ஆனால் அந்த வரி சொல்வது, நான் ஐந்து மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை என்று. படித்தவர் இவனை முதலாளி என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. 'ஐ ஹேவ் நாட் பீன் பெய்ட்' என்று இருந்திருக்க வேண்டும். 'பீன்' என்ற ஒரே ஒரு சொல் விடுபட்டதில், பாதிக்கப்பட்டவன் குற்றவாளியாகிவிட்டான்.

அந்தப் பையனை நாங்கள் கேலி செய்யவில்லை. பாலிடெக்னிக் முடித்தவன், நன்றாகப் படித்தவன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில் பொறியியல் படித்தவர்களும் இதையே எழுதுகிறார்கள். 'ஐ ஹேவ் செலெக்டட் ஃபார் எம்.பி.ஏ.' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவள்தான் யாரையோ தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று ஆகிறது. 'ஐ டெர்மினேட்டட் ஃப்ரம் தி கம்பெனி' என்று வேலை இழந்த ஒரு தம்பி எழுதியிருந்தான். இப்படிச் சேர்ந்துவிட்ட காகிதங்களைப் பார்த்தபோதுதான், ஆங்கிலத்தின் செயப்பாட்டுவினையைப் பற்றி, அதாவது பள்ளியில் 'பாசிவ் வாய்ஸ்' என்று நாம் படித்ததைப் பற்றி, இந்த இதழில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பள்ளிக்கூடம் சொன்னது

அமைப்பு எளிதுதான். 'பி' என்ற வினையின் ஏதாவது ஒரு வடிவம் வேண்டும்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங். அதன்பின் முக்கிய வினையின் மூன்றாம் வடிவம் வேண்டும். 'கிவ், கேவ், கிவன்', 'டேக், டுக், டேக்கன்' என்று வகுப்பில் கோரஸாகப் பாடினோமே, அதில் மூன்றாவது. இரண்டும் சேர்ந்தால்தான் செயப்பாட்டுவினை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பொருள் மாறும், அல்லது பொருளே இல்லாமல் போகும்.

இதுவரை சரி. ஆனால் பள்ளியில் இதைப் பழக்கிய விதம் நமக்குக் கெடுதல் செய்துவிட்டது என்பது எங்கள் கருத்து. 'கண்ணன் பாடம் படித்தான்' என்பதை 'கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது' என்று திருப்பு, 'பை' போட்டுக் கண்ணனைக் கடைசியில் வை, இரண்டு மதிப்பெண். இதையே ஐந்து வருடம் செய்த பிள்ளை, செயப்பாட்டுவினை என்றால் நேரான வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்க்கும் ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறது. எதற்காகக் கவிழ்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாடத்தைப் படித்தது கண்ணன் என்பது முக்கியமாக இருந்தால், கண்ணனை முதலில் வைத்தே சொல்லிவிட்டுப் போகலாம். உண்மையில் ஆங்கிலத்தில் வரும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் 'பை' என்ற சொல்லே கிடையாது. செய்தவர் யார் என்று தெரியாதபோது, அல்லது சொல்லத் தேவையில்லாதபோது, அல்லது பேச்சு யாருக்கு நடந்ததோ அவரைப் பற்றியதாக இருக்கும்போது அது வருகிறது.

மத்ரஸா சொன்னது

இதை நம்மில் அரபி படித்தவர்கள் ஏற்கெனவே அறிவார்கள், அறிந்திருப்பதை மறந்துவிட்டார்கள். ஸர்ஃப் பாடத்தில் ஃபிஅல் மஃரூஃப், ஃபிஅல் மஜ்ஹூல் என்று இரண்டு படித்தோம். 'நஸர' என்றால் உதவினான், 'நுஸிர' என்றால் உதவப்பட்டான். 'கதப' எழுதினான், 'குதிப' எழுதப்பட்டது. மஜ்ஹூல் என்ற சொல்லுக்கே 'அறியப்படாதது' என்று பொருள். செய்தவர் குறிப்பிடப்படாத வினை. அவர் விட்டுச்சென்ற இடத்தில் செயப்படுபொருள் வந்து உட்காருகிறது. அதற்கு 'நாயிபுல் ஃபாயில்', அதாவது செய்தவரின் பிரதிநிதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிட அழகாக வேறெந்த மொழியின் இலக்கணமும் இதை விளக்கியதாக எங்களுக்குத் தெரியவில்லை. (அரபிப் பற்று என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளட்டும்.)

நோன்பு கடமையாக்கப்பட்டதைச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனத்தில் 'குதிப' என்ற இந்த மஜ்ஹூல்தான் வருகிறது. கடமையாக்கியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்; எனவே சொல்லவில்லை. கவனம் முழுக்கக் கடமையின் மீதும் அதை ஏற்க வேண்டியவர்கள் மீதும் நிற்கிறது. ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் வேலையும் இதுவே. இன்றைய அரபு நாளிதழ்களில் 'மின் கிபலி' என்று 'பை'க்கு ஈடாக ஒரு தொடர் அடிக்கடி வருகிறது. பழைய முறையில் நஹ்வு படித்தவர்களின் காதில் அது கொஞ்சம் உறுத்தும். செய்தவரைச் சொல்வதென்றால் மஃரூஃபிலேயே சொல்லிவிடலாமே என்று உஸ்தாத்மார் கேட்பார்கள். ஆங்கிலத்தில் 'பை' தவறே அல்ல. ஆனால் அதை எழுதும் முன் உஸ்தாதின் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் வடிவம் என்பதும் நமக்குப் புதிதில்லை. அது நம் 'இஸ்மு மஃப்ஊல்' போன்றது. வீட்டில் மன்ஸூர் இருந்தால் அவன் உதவப்பட்டவன், மக்பூல் ஏற்றுக்கொள்ளப்பட்டவன், மஹ்மூத் புகழப்பட்டவன். இறந்தவரை மர்ஹூம் என்கிறோம், ரஹ்மத் செய்யப்பட்டவர். பிள்ளைகளுக்கு மூன்றாம் வடிவத்தை விளக்க இந்தப் பெயர்களை வைத்துச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

'சொன்னாவ' வரும் இடம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நாம் தமிழில் பேசும்போது '-ப்பட்டது' என்று பேசுவதே இல்லை. 'எனக்குச் சம்பளம் வழங்கப்படவில்லை' என்று எந்த உம்மாவிடம் எந்த மகன் போனில் சொல்வான்? 'அஞ்சு மாசமா சம்பளம் தரல்லம்மா' என்பான். யார் தரவில்லை என்று சொல்ல மாட்டான். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். நம் நாஞ்சில் நாட்டுப் பேச்சில் 'சொன்னாவ', 'அனுப்பிட்டாவ', 'வாங்கி வச்சுக்கிட்டாவ' என்போம். யார் என்று கேட்டால், 'அவங்கதான், கம்பெனிக்காரங்க' என்போம்.

ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அந்தக் காலி நாற்காலியில் யாரையாவது உட்கார வைத்தாக வேண்டும். நம் பிள்ளைகள் கையில் கிடைக்கும் ஒரே ஆளான 'ஐ'யை உட்கார வைத்துவிடுகிறார்கள்; வினையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் 'ஐ ஹேவ் நாட் பெய்ட்' வருகிறது. 'ஐ'யை உட்கார வைத்தது சரி. அதற்கேற்ப வினையை மாற்றாததுதான் பிழை.

எனவே எங்கள் கணக்கு இது. ஆங்கிலத்தில் எழுதும் முன், சொல்ல வேண்டியதை வாயால் தமிழில் சொல்லிப் பாருங்கள். யார் என்று சொல்லாமல் 'சொன்னாவ', 'தரல்ல', 'அனுப்பிட்டாவ' என்று வருகிற ஒவ்வொரு இடமும் ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை இயல்பாக உட்காரும் இடம். இலக்கணப் புத்தகம் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

அன்றிரவு அந்தப் பையனுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னோம். அவன் சொன்னதையும் நாங்கள் எழுதியதையும் அடுத்தடுத்து வைக்கிறோம்.

'டிரைவர் வேலைன்னு எடுத்தாவ.' – ஐ வாஸ் ஹயர்ட் ஆஸ் எ டிரைவர்.

'வந்ததும் கட்டட வேலைக்கு அனுப்பிட்டாவ.' – ஆன் அரைவல் ஐ வாஸ் சென்ட் டு எ கன்ஸ்ட்ரக்ஷன் சைட்.

'வெறும் தாள்ல கையெழுத்து வாங்கினாவ.' – ஐ வாஸ் மேட் டு சைன் எ ப்ளாங்க் பேப்பர்.

'பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாவ, திருப்பித் தரல்ல.' – மை பாஸ்போர்ட் வாஸ் டேக்கன் ஃப்ரம் மீ அண்ட் ஹாஸ் நாட் பீன் ரிட்டர்ன்ட்.

'அஞ்சு மாசமா சம்பளமும் தரல்ல.' – ஐ ஹேவ் நாட் பீன் பெய்ட் ஃபார் ஃபைவ் மந்த்ஸ்.

'ஊருக்குப் போவவும் விட மாட்டேங்காவ.' – ஐ ஆம் நாட் பீயிங் அலவ்ட் டு கோ ஹோம்.

ஆறு வரிகளில் நான்கு 'ஐ' என்று தொடங்குவதைக் கவனியுங்கள். மனு அவனைப் பற்றியது. படிப்பவரின் கண் அவன் மீதே இருக்க வேண்டும். செயப்பாட்டுவினை இல்லாவிட்டால் ஒரு வரியில் கம்பெனி, அடுத்த வரியில் மேலாளர், அதற்கடுத்து முகாம் காவலாளி என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும், படிப்பவர் குழம்பிவிடுவார். பேச்சின் நாயகனை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் ஆங்கிலத்தில் இந்த வினை செய்யும் பெரிய உபகாரம்.

மூன்றாவது வரியில் ஒரு சிறிய செய்தி. 'அவர்கள் என்னைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்' என்று நேராகச் சொல்லும்போது 'மேட் மீ சைன்' என்றால் போதும், இடையில் 'டு' வராது. செயப்பாட்டில் 'வாஸ் மேட் டு சைன்' என்று 'டு' வந்தே தீரும்.

பாஸ்போர்ட் வரியை விடாமல் எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் நம் கையில் இருந்தாலும் அது மத்திய அரசின் உடைமை என்று 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. வேறொருவர் அதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது தனியான ஒரு புகார். 'ஐ ஹேவ் நாட் ரிட்டர்ன்ட் மை பாஸ்போர்ட்' என்று எழுதிவிட்டால், திருப்பிக் கொடுக்காதது இவனேதான் என்று ஆகிவிடும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, கடைசியில் ஒரு வரியை மட்டும் நேர்வினையில் வைத்தோம். கம்பெனியின் முழுப் பெயரைப் போட்டு, 'இந்தக் கம்பெனி எனக்கு இத்தனை மாதச் சம்பளம் தர வேண்டியிருக்கிறது' என்று. புகார் என்றால் எங்காவது ஓரிடத்தில் செய்தவரின் பெயர் வந்தாக வேண்டும். எல்லா வரியும் மஜ்ஹூலாகவே இருந்தால் யார் மீது நடவடிக்கை எடுப்பது? நம் அரசின் வெளியுறவுத் துறை 2015இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் புகார் பதியும்போதும் இதே முறையை வைத்துக்கொள்ளலாம். (மதத் என்பது நமக்குப் பழகிய சொல்தான். உதவி.)

இறந்தார், அடக்கப்பட்டார்

ஜமாஅத்திலிருந்து கொடுக்கும் ஆங்கிலச் சான்றுகளில் அதிகம் வரும் பிழை வேறு வகை. வேண்டாத இடத்தில் 'வாஸ்' போடுவது. 'ஹி வாஸ் டைட்', 'தி ஆக்ஸிடன்ட் வாஸ் ஹாப்பன்ட்' என்று எழுதிவிடுகிறோம். இறப்பு, நிகழ்வு, வருகை, விழுதல் இவையெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் செயல்கள் அல்ல. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாடு கிடையாது. 'ஹி டைட்', 'தி ஆக்ஸிடன்ட் ஹாப்பன்ட்' அவ்வளவுதான்.

மய்யித்துச் சான்றில் இரண்டும் ஒரே வரியில் வரும். இன்ன தேதியில் இறந்தார், நமது கபர்ஸ்தானில் அடக்கம் செய்யப்பட்டார். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'வாஸ்' கூடாது, இரண்டாவதற்கு 'வாஸ்' வேண்டும்: 'ஹி டைட் ஆன்' இன்ன தேதி, 'அண்ட் வாஸ் பரீட் இன்' இன்ன கபர்ஸ்தான். 'டைட் அண்ட் பரீட்' என்று விட்டால், மனிதர் இறந்தபின் எழுந்து யாரையோ அடக்கம் செய்தார் என்று பொருள்படும். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. வாரிசுச் சான்றுக்காகவும் வெளிநாட்டு விசாவுக்காகவும் போகும் காகிதங்கள் இவை.

அரபி படித்தவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் உண்டு. அரபியில் பிறப்பும் மஜ்ஹூல், 'வுலித'. இறப்பும் மஜ்ஹூல், 'துவுஃப்பிய'. ஆங்கிலம் பிறப்பில் மட்டும் அரபியோடு ஒத்துப்போகிறது: 'ஐ வாஸ் பார்ன்'. இறப்பில் பிரிந்துவிடுகிறது. தமிழோ இரண்டிலும் நேர்வினைதான், பிறந்தேன், இறந்தார். அதனால்தான் நம் பிள்ளைகள் 'ஐ பார்ன் இன் 2004' என்று எழுதுகிறார்கள். 'ஐ ஆம் பார்ன்' என்பதும் தவறே. பிறந்து முடிந்துவிட்டது, 'வாஸ்' வேண்டும்.

தமிழ் நம்மை இன்னும் இரண்டு இடங்களில் ஏமாற்றும். ஒன்று 'படு'. கஷ்டப்பட்டேன், ஆசைப்பட்டேன், கவலைப்பட்டேன் என்பதில் 'பட்டேன்' இருப்பதால் அதைச் செயப்பாடு என்று நினைத்து 'ஐ வாஸ் ஸஃபர்ட்' என்று எழுதுவோர் உண்டு. அங்கே 'படு' என்றால் அனுபவிப்பது. 'ஐ ஸஃபர்ட்' போதும். மற்றொன்று 'இருக்கிறேன்'. 'பி.காம். முடித்திருக்கிறேன்' என்பதில் உள்ள 'இருக்கிறேன்' கையைப் பிடித்து இழுத்து, 'ஐ ஆம் கம்ப்ளீட்டட் பி.காம்.' என்று எழுத வைத்துவிடுகிறது. வேலை விண்ணப்பங்களில் பத்துக்கு நாலில் இதைப் பார்க்கிறோம். 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்' என்று எழுதுங்கள். 'ஹேவ்' வந்தால் நான் செய்தேன். 'ஆம்' அல்லது 'ஹேவ் பீன்' வந்தால் எனக்கு நடந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் விண்ணப்பத்தின் பாதிப் பிழை ஒழிந்துவிடும்.

எனக்கு, என்னிடம்

'எனக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது.' தமிழில் வழங்கப்பட்டது உதவித்தொகைதான். எனவே ஆங்கிலத்தில் 'டு மீ' என்று தொடங்கித் தடுமாறுகிறோம். ஆங்கிலம் பெற்றவரையே எழுவாயாக வைக்க அனுமதிக்கிறது: 'ஐ வாஸ் கிவன் எ ஸ்காலர்ஷிப்'. கொடு, அனுப்பு, வாக்களி, சொல், காட்டு போன்ற வினைகளில் இப்படி வரும். 'ஐ வாஸ் ப்ராமிஸ்ட்', 'ஐ வாஸ் ஷோன்', 'ஐ வாஸ் டோல்ட்'.

'டெல்' வரும், 'ஸே' வராது. 'ஐ வாஸ் ஸெட்' என்று எழுதக் கூடாது. 'எக்ஸ்ப்ளெய்ன்' வினையும் வராது. 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்' என்றால் என்னையே யாரோ விளக்கினார்கள் என்றாகும். 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ' என்று சுற்றித்தான் போக வேண்டும். இதற்குக் காரணம் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. புளிக்கு ஏன் புளிப்பு என்பது போலத்தான்.

பொருள் தொலைந்த புகாரிலும் கவனம் தேவை. 'என் போனைத் திருடிவிட்டார்கள்' என்பதை 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்று எழுதினால் திருடு போனது நீங்கள். 'மை போன் வாஸ் ஸ்டோலன்' என்று எழுதுங்கள். பூட்டு உடைந்தது, பூட்டு உடைக்கப்பட்டது என்ற இரண்டையும் தமிழ் வேறு வேறு வினையாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ப்ரேக்' ஒன்றுதான். 'தி லாக் ப்ரோக்' என்றால் பூட்டு பழசாகித் தானே உடைந்தது என்றும் படிக்கலாம். 'தி லாக் வாஸ் ப்ரோக்கன்' என்றும் படிப்பவர் சில சமயம் 'ஏற்கெனவே உடைந்திருந்தது' என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. கடை உடைத்துத் திருடு போனதற்கு இன்சூரன்ஸ் கேட்பவர் 'தி லாக் வாஸ் ப்ரோக்கன் ட்யூரிங் தி நைட்' என்று நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் சந்தேகம் எழாது.

அளவுக்கு மீறினால்

கணினியில் ஆங்கிலம் தட்டும் நம் தம்பிகள் ஒன்று கேட்கிறார்கள்: 'பாசிவ் எழுதினால் கம்ப்யூட்டர் அடிக்கோடு போடுகிறதே காக்கா, தப்புதானே?' தப்பில்லை. அந்த மென்பொருள்களுக்கு ஒரு பழைய அறிவுரை ஊட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர், 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில் நேர்வினை வைக்க முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினை வைக்காதே என்றார். ஆனால் அந்தக் கட்டுரையிலேயே அவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பின்னால் வந்த மொழியறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவர் உண்மையில் கண்டித்தது, அதிகாரத்தில் இருப்பவர்கள் செய்த காரியத்தை யார் செய்தது என்று சொல்லாமல் மறைக்கும் மொழியை.

அந்த மறைப்பு எங்கும் உண்டு. 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது, தவறுகள் செய்யப்பட்டன என்ற பொருளில்தான் சொன்னார். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. நம் அலுவலகத் தமிழிலும் 'ஆணையிடப்படுகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஆளில்லாத குரல் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலேயர் கால அலுவலக ஆங்கிலத்தின் வாடை அது. நமது ஜமாஅத் அறிவிப்புகளையும் அது விடவில்லை. 'சந்தா செலுத்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதுகிறோம். 'சந்தாவைச் செலுத்துங்கள்' என்றால் கொஞ்சம் அதிகமாகவே வசூலாகும் என்று நினைக்கிறோம்.

எங்கள் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவிப் பட்டியல் தயாரித்தபோது, தகுதியுள்ள ஒரு மாணவியின் பெயரை நாங்கள் விட்டுவிட்டோம். கட்டணத் தேதி கடந்தது. அவள் படிக்கும் கல்லூரிக்கு அவகாசம் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினோம். 'ஹெர் நேம் வாஸ் ஒமிட்டட் ட்யூ டு ஆன் ஓவர்சைட்' என்று எழுதி, இலக்கணம் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியோடு தலைவரிடம் கையெழுத்துக்கு நீட்டினோம். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தேங்காய் வியாபாரி. தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னோம். "பெயர் தானா விட்டுப்போச்சா, நாம விட்டோமா?" என்று கேட்டார். நாங்கள் பதில் பேசாமல் கடிதத்தை வாங்கி 'வீ ஒமிட்டட் ஹெர் நேம்' என்று மாற்றிக் கொடுத்தோம். அதே கடிதத்தில் 'ஷி ஷுட் நாட் பி மேட் டு பே எ ஃபைன் ஃபார் அவர் மிஸ்டேக்' என்ற வரியைச் செயப்பாட்டிலேயே விட்டோம். அபராதம் விதிப்பது கல்லூரி என்று சுட்டிக்காட்டாமல், அவள் கட்ட நேரக் கூடாது என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

நிகாஹ் சான்றில் மட்டும் ஆளில்லாத குரலே பொருத்தம். 'தி நிகாஹ் வாஸ் சாலம்னைஸ்ட் ஆன்' இன்ன தேதி, 'அண்ட் இஸ் என்டர்ட் இன் தி ரெஜிஸ்டர் ஆஃப் திஸ் ஜமாஅத்' என்று எழுதி, பதிவேட்டின் எண்ணையும் போட்டால் போதும். நடத்தி வைத்த ஹஸ்ரத்தின் பெயர் தனி வரியில் வரட்டும். முதலில் நடந்து முடிந்தது, எனவே 'வாஸ்'. பதிவேட்டில் இன்றும் இருக்கிறது, எனவே 'இஸ்'. பழைய சான்றுகள் சிலவற்றில் இரண்டையும் 'வாஸ்' என்றே எழுதியிருக்கிறார்கள். பதிவு இப்போது இல்லையா என்று விசா அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பழைய சான்று வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் புதிதாக எழுதித் தருகிறோம்.

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்தது. மலையாளத்திலும் தமிழிலும் ஆதாரம் எழுதித் தரும் ஆட்கள் தெருவுக்குத் தெரு கிடைத்தார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் யாரையாவது தேடிப் போக வேண்டியிருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தையே சந்தேகத்தோடு பார்த்த ஊர்கள் நம் கடற்கரையில் உண்டு. தேங்காய்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில் அந்தக் காலத்தைக் காட்டியிருக்கிறார். அந்தத் தலைமுறையின் பேரன்கள் இன்று துபாயிலும் ரியாதிலும் தங்கள் புகாரைத் தாங்களே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தப்போ சரியோ, எழுதுகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அனுப்புவதற்கு முன் எங்களுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் இன்னும் நிம்மதியாக இருக்கும்.

அந்தப் பையனின் திருத்திய மனு போய் மூன்று வாரத்தில் கம்பெனியை விசாரணைக்கு அழைத்தார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஐந்து மாதச் சம்பளத்தில் மூன்று மாதத்துக்குரியது வந்திருக்கிறது. மீதிக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன் முதல் வரியை இந்த முறை அவனே எழுதி அனுப்பினான். 'பீன்' இருந்தது.

வெளிநாட்டுப் புகார், கல்வி உதவி விண்ணப்பம், போலீஸ் புகார், சான்றுகள் எதுவாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் மஃரிப் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் கட்டணமின்றிப் பார்த்துத் திருத்தித் தருகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்களின் தாய்மாரோ மனைவிமாரோ போனில் உள்ள நகலைக் கொண்டுவந்தால் போதும். நடந்ததைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது. சம்பந்தப்பட்டவரையே அந்நேரம் போனில் பிடிக்க முடிந்தால் அதைவிட நல்லது.